கணக்கில் வராத கட்டுரை

உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்துவிட்டு ஆய்வு உதவித்தொகைக்கு முயன்றுகொண்டிருக்கும் தம்பி ஒருவர், சென்ற மாதம் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு நம் காலனிப் படிப்பகத்துக்கு வந்தார். பெயர், அப்பா பெயர், சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்று என எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். ஒரு கட்டத்தில் மட்டும் பேனா நின்றிருந்தது. 'வெளியிட்ட கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள், எச் இண்டெக்ஸ்' என்று கேட்டது அந்தக் கட்டம்.

“என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பேப்பர் அண்ணே. அதுலயும் நான் ரெண்டாவது பேரு. இதுவரைக்கும் யாரும் மேற்கோள் காட்டல. வெறுமனே விட்டுடட்டுமா?”

நமக்கு உடனே பதில் வரவில்லை. நாம் படித்தது தமிழ். மேற்கோள் என்றால் நமக்கு உரையாசிரியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வளையாபதி முழு நூலாக நம் கைக்கு வரவில்லை. பிற்காலத்தார் தொகுத்து வைத்ததும் உரைகாரர்கள் எடுத்துக் காட்டியதுமான சில பாடல்களைக் கொண்டுதான் அப்படி ஒரு காப்பியம் இருந்ததையே அறிகிறோம். ஒரு நூலின் உயிரை மேற்கோள் பிடித்து வைக்கும் என்பது நமக்குப் பழைய செய்தி. ஆனால் அந்த மேற்கோள்களை எண்ணிக் கூட்டி, இந்த ஆளின் மதிப்பு இவ்வளவு என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் கூட்டலில் விழுந்தவர்கள் யார்? தம்பியிடம் ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு தேடிப் படித்தோம். படித்த இடத்தில் எதிர்ப்பட்டவர், ஹங்கேரி நாட்டுக் கசாப்புக்காரர் ஒருவரின் மகள்.

கட்டலின் கரிக்கோ 1955 ஜனவரியில் பிறந்தவர். வளர்ந்தது கிஷூய்சாலாஷ் என்ற சிற்றூரில். வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, குளிர்பெட்டி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. சேகெட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். 1985இல் அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் அவருடைய ஆய்வுக்கான பணம் நின்றுபோனது. காரை விற்றார்கள். ஹங்கேரியிலிருந்து பணம் எடுத்துச் செல்ல அன்றைக்குக் கடுமையான கட்டுப்பாடு. விற்ற காசை இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, கணவரோடு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் போய் இறங்கினார்.

மேற்கோளை எண்ணும் தொழிலைத் தொடங்கிய மனிதர் கடை விரித்திருந்ததும் அதே ஊரில்தான். அவர் யூஜின் கார்ஃபீல்டு. கரிக்கோ பிறந்த அதே 1955இல் 'சயின்ஸ்' இதழில் அவர் ஒரு யோசனையை எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார் கார்ஃபீல்டு. 1964இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டது. ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதோடு தொடர்புள்ள மற்றவற்றைத் தேடிப் போக அது ஒரு வழிகாட்டி. நூலகருக்கும் ஆய்வாளருக்கும் நல்ல உதவிதான்.

வழிகாட்டி எப்போது தராசு ஆனது? எந்த இதழ் அதிகம் எடுத்தாளப்படுகிறது என்று பார்க்க, இம்பாக்ட் ஃபேக்டர் என்ற தாக்க எண்ணை அந்த நிறுவனம் உருவாக்கியது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு எத்தனை மேற்கோள் விழுந்தது, அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எவ்வளவு என்பதுதான் அது. இரண்டே ஆண்டுகள். இந்த இரண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். இதழுக்குப் போட்ட அந்த எண்ணை, அதில் எழுதிய மனிதரின் நெற்றியில் ஒட்டும் பழக்கமும் வந்து சேர்ந்தது.

எச் இண்டெக்ஸ் அதற்குப் பிறகு வந்தது. கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் சொன்ன கணக்கு. தென்னந்தோப்பை வைத்துச் சொன்னால் எளிது. ஒரு தோப்பில் குறைந்தது ஏழு காய் வைத்த மரங்கள் ஏழு இருந்து, எட்டுக் காய் வைத்த மரங்கள் எட்டு இல்லையென்றால், தோப்பின் எண் ஏழு. மரம் என்பது கட்டுரை, காய் என்பது மேற்கோள். ஒரே ஒரு மரம் வைத்திருக்கிறவர், அதில் மூவாயிரம் காய் காய்த்தாலும் அவர் எண் ஒன்றுதான். தோப்பு பெரிதாக இருக்க வேண்டும், வைத்து நாளும் ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச ஆளும் வேண்டும். நிலமே இல்லாதவர்களிடம் காய்ப்பைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி கரிக்கோவிடம் போவோம். 1989இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டது எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை. நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பது பெட்டியில் பூட்டி வைத்த மூலப் பத்திரம் மாதிரி. அதில் வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து வெளியே கொண்டுபோவது எம்.ஆர்.என்.ஏ. அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது. நகலை நாமே தயாரித்து உள்ளே அனுப்பிவிட்டால், வேண்டிய புரதத்தை உடலே செய்துகொள்ளும் அல்லவா? இதுதான் கரிக்கோவின் எண்ணம். எம்.ஆர்.என்.ஏ. சட்டென்று சிதைந்துவிடும், உடலுக்குள் போனால் அழற்சியைக் கிளப்பும், இதெல்லாம் மருந்தாகாது என்பது அன்றைய பெரும்பாலோர் முடிவு.

அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் ஆய்வாளர் தன் ஆய்வுக்கான மானியத்தைத் தானே எழுதி வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் சம்பளத்துக்கே அதுதான் வழி. மானியம் கேட்டால் முன்பு வெளியிட்ட கட்டுரைகளைப் பார்ப்பார்கள். கட்டுரை எழுதச் சோதனை செய்ய வேண்டும், சோதனைக்கு மானியம் வேண்டும். கரிக்கோவின் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1995இல் பல்கலைக்கழகம் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தது. வெளியேறலாம், அல்லது பேராசிரியர் ஆகும் பாதையிலிருந்து இறங்கிக் கீழ்ப்பதவியை ஏற்கலாம். அதே நாட்களில் அவருக்குப் புற்றுநோயோ என்ற அச்சம். கணவர் விசா சிக்கலில் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார். கரிக்கோ கீழிறங்கினார். ஊழியர் பிள்ளைக்கு அங்கே படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு, அந்தக் கணக்கும் அவர் மனதில் இருந்தது. மகள் சூசன் பிரான்சியா அங்கேயே படித்தார், துடுப்புப் படகுப் போட்டியில் 2008, 2012 ஒலிம்பிக் இரண்டிலும் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கினார். தாய்மார்களின் கணக்கு பல்கலைக்கழகக் கணக்கைவிடச் சரியாக இருப்பது இங்கே மட்டும் நடப்பதல்ல போலும்.

1990களின் பிற்பகுதியில் நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளரைக் கரிக்கோ சந்தித்தார். இருவரும் இதழ்க் கட்டுரைகளை நகலெடுக்க வந்தவர்கள். பேச்சு கூட்டு ஆய்வாக வளர்ந்தது. உடல் ஏன் வெளியிலிருந்து வரும் எம்.ஆர்.என்.ஏ.வை எதிர்க்கிறது என்று தேடினார்கள். செல்லில் இருக்கும் இன்னொரு வகை ஆர்.என்.ஏ. அப்படிப்பட்ட எதிர்ப்பைக் கிளப்பவில்லை. காரணம், அதன் எழுத்துகளில் சில இயற்கையிலேயே சற்று மாற்றப்பட்டிருந்தன. யூரிடின் இருந்த இடங்களில் சூடோயூரிடின் என்ற மாற்றெழுத்தை வைத்து எம்.ஆர்.என்.ஏ. செய்தபோது எதிர்ப்பு அடங்கியது. அயலானைப் பார்த்துக் குரைக்கிற நாய், அவன் வீட்டு ஆளின் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தால் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அப்படித்தான்.

இந்தக் கண்டுபிடிப்பை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்கள். இருப்பதன்மேல் சிறிதாக ஒட்டிய சேர்க்கை என்ற பொருள்பட ஒரு சொல்லில் திருப்பிவிட்டார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் பார்க்க வேண்டியிருந்தது என்று கரிக்கோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். கட்டுரை 2005 ஆகஸ்டில் 'இம்யூனிட்டி' இதழில் வந்தது. இனித் தொலைபேசி ஓயாமல் அடிக்கும் என்று வைஸ்மன் எதிர்பார்த்தார். அடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு வருகிறது. 2005இல் வந்த ஒரு கட்டுரைக்கு 2006இலும் 2007இலும் விழுந்த மேற்கோள்கள் மட்டுமே இதழின் தாக்க எண்ணில் சேரும். அதற்குப் பிறகு அது உலகையே புரட்டினாலும் அந்த எண்ணுக்குத் தெரியாது. 2020இல் கொரோனா வந்தது. கரிக்கோ 2013இலேயே பல்கலைக்கழகத்தை விட்டு விலகி ஜெர்மனியின் பயோன்டெக் நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்திருந்தார். அந்த நிறுவனமும் ஃபைசரும் செய்த தடுப்பூசியை 2020 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 90 வயது மூதாட்டிக்கு முதலாவதாகப் போட்டார்கள். அதில் இருந்த எம்.ஆர்.என்.ஏ., சூடோயூரிடின் வழியில் வந்த இன்னொரு மாற்றெழுத்தால் ஆனது. நம் கைகளில் ஏறிய கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு 2005 கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பதினைந்து ஆண்டு தாமதமாக.

2023இல் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பரிசுக் குழு முக்கிய வெளியீடுகள் என்று குறிப்பிட்டவை மூன்றே கட்டுரைகள். 2005, 2008, 2010இல் வெளியானவை. மூன்றும் வேறு வேறு இதழ்களில் வந்தன. 'நேச்சர்', 'சயின்ஸ்' இரண்டில் எதிலும் இல்லை. மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிரியலில் பெயர் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. கையால் பெரும்பங்கு வேலை செய்தவர் முதலில், ஆய்வை நடத்துகிற மூத்தவர் கடைசியில். 2005, 2008 கட்டுரைகளில் முதல் பெயர் கரிக்கோ. 2010 கட்டுரையில் கடைசிப் பெயர் கரிக்கோ. பல்கலைக்கழகப் பதவிப் பட்டியல் அவரைக் கீழே நிறுத்தியிருந்த காலத்தில், கட்டுரையின் பெயர் வரிசை அவரை மூத்தவர் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. எண்ணிக் கூட்டினால் இது தெரியாது. எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கண்டுபிடிப்புக்கான காப்புரிமையோ, அவரைக் கீழிறக்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கிறது.

மேற்கோள் எண் எதைக் கண்டு பெருகும் என்பதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை. எழுதியவர் ஆலிவர் லோரியும் உடனிருந்தவர்களும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று லோரியே சொன்னவர். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 'நேச்சர்' இதழ் 2014இல் வெளியிட்ட அதிக மேற்கோள் பெற்ற முதல் நூறு கட்டுரைகளில் இடம்பெறவே இல்லை. அளவுபடியை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அதனால் எண்ணிக்கை கூடுகிறது. அதில் தப்பில்லை. அளவுபடிதான் விளைச்சல் என்று நினைத்துக்கொண்டால்தான் தப்பு.

இவ்வளவும் படித்த பிறகு ஓர் எச்சரிக்கை. கரிக்கோ கதையை 'உழைத்தால் ஒருநாள் உலகம் வணங்கும்' என்று மேடையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் உழைப்பில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1995க்குப் பிறகு அவர் தாக்குப்பிடித்ததற்கு மனிதர்கள் காரணம். அவரோடு வேலை செய்த டேவிட் லாங்கர் என்ற இளம் மருத்துவர், தன் துறைத் தலைவரிடம் வாதாடி அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பிறகு வைஸ்மனிடம் மானியம் இருந்தது. இப்படி ஒரு லாங்கரும் ஒரு வைஸ்மனும் வாய்க்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்களின் பெயர்கள் எந்த அட்டவணையிலும் வராது. மேலும் கரிக்கோ வெள்ளையர். நிறம் அவர் வழியை மறிக்கவில்லை. மறித்தால் என்ன ஆகும்?

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2011 ஆகஸ்டில் டோனா கிந்தர் என்ற பொருளியலாளரும் உடனிருந்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு 2000 முதல் 2006 வரை வந்த 83,188 மானிய விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பின ஆய்வாளருக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. சரி, படிப்பு குறைவாக இருக்கலாம், கட்டுரைகள் குறைவாக இருக்கலாம் என்று சொல்வார்கள் அல்லவா? படிப்பு, பயிற்சி, முன்பு பெற்ற விருதுகள், வெளியிட்ட கட்டுரைகள், வேலை பார்க்கும் நிறுவனம் என அத்தனையையும் சமப்படுத்திப் பார்த்தார்கள். அப்போதும் 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது. எண் சமமாக இருந்தும் கதவு சமமாகத் திறக்கவில்லை.

இதைப் படித்தபோது நம் கோபம் கொஞ்சம் திசை மாறியது. இதழின் தாக்க எண்ணை வைத்து ஆளை அளக்க வேண்டாம், கட்டுரையை அதன் தகுதியை வைத்து மதிப்பிடுங்கள் என்று 2013இல் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டது. ஆய்வாளர்களும் நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டார்கள். நல்ல கோரிக்கை. ஆனால் படித்து மதிப்பிடப்போவது யார்? நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் நாம். எழுத்துத் தேர்வில் வாங்கிய எண் நம் பிள்ளைகளுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியையும் பிடுங்கிவிட்டு, பெரியவர்கள் படித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்றால் நமக்கு வயிறு கலங்குகிறது. கிந்தரின் ஆய்வும் எண்கள் இருந்ததால்தான் சாத்தியமாயிற்று. எண் ஆளை அளக்கப் பயன்படுவதைவிட, அளக்கிறவரை அளக்க நன்றாகப் பயன்படுகிறது. இங்குள்ள ஆய்வு நிதி நிறுவனங்களும் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, அவர்களின் கட்டுரைக் கணக்கு என்ன என்பதைச் சாதிவாரியாக வெளியிடட்டும். அந்த எச் இண்டெக்ஸைப் பார்க்க நமக்கும் ஆசைதான்.

2019இல் வந்த தொடர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. அந்த மானிய இடைவெளியில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆய்வுத் தலைப்பைச் சார்ந்தது. கறுப்பின ஆய்வாளர்கள் தங்கள் மக்களின் உடல்நலம், அதில் நிலவும் ஏற்றத்தாழ்வு போன்றவற்றை அதிகம் ஆராய விரும்பினார்கள். அந்தத் தலைப்புகளுக்கு மானியம் குறைவாகவே கிடைத்தது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுத் தம்பியின் கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். அவர் ஆராய்ந்தது தன் காலனியின் குடிநீர்த் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிரிகளை. ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்து, என்னென்ன வகை என்று கண்டிருக்கிறார். 'உலக அளவில் கவனம் பெறும் தலைப்பாக எடுத்துக்கொள்' என்று அவருக்கு அறிவுரை சொன்னவர் ஒருவர் உண்டு. உலக அளவில் கவனம் பெற என்ன செலவாகும் என்று பார்த்தோம். 'நேச்சர்' இதழில் ஏற்கப்பட்ட கட்டுரையை எல்லோரும் காசில்லாமல் படிக்கும்படி திறந்து வைக்க 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். தம்பியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இங்கே முளைத்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளி வைத்தது. புள்ளி வைத்த இடத்தில் கோலம் போடக் கடைகள் வந்தன. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் அதே குழு நீக்கியது. ஆனாலும் படிவங்களில் அந்தக் கட்டம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தார். கட்டத்தை வெறுமனே விட வேண்டாம், உள்ளதை எழுது என்றோம். கட்டுரை 1, மேற்கோள் 0, எச் இண்டெக்ஸ் 0. எழுதும்போது அவர் முகம் சற்றுச் சுருங்கியது. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னோம். 'இந்த ஆய்வில் உங்கள் சொந்தப் பங்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

“இதுல என்னண்ணே எழுதுறது?”

“தொட்டி மேல ஏறித் தண்ணி எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“டி.என்.ஏ. பிரிச்சது?”

“அதுவும் நான்தான். முதல் பேரு போட்டவருக்கு அந்தத் தொட்டி எங்க இருக்குன்னே தெரியாது.”

கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதச் சொன்னோம். கொடுத்திருந்த இடம் போதவில்லை. தனித்தாள் கேட்டார்.